வாரம் ஒருநாள் போடும் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. முடக்குவாதம் என்று கண்டுபிடித்து, வாரம் ஒருநாள் போடும்படி மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். ஐந்து வாரமாகியும் மாற்றம் தெரியவில்லை. வலி மாத்திரை போட்டால்தான் வேலை ஓடுகிறது. காலையில் விரலை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எப்போதும் அசதியாகவும் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிட்டு வலி மாத்திரையை மட்டும் தொடரலாமா? வீட்டிலோ, அசையாமல் படுத்திரு என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சகோதரி. உங்கள் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வரும் நோய் இது. அந்த அழற்சி நீடித்தால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படும். வலி மாத்திரை சில மணி நேரம் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், அரிப்பைத் தடுக்காது. அதைத் தடுக்கத்தான் மெத்தோட்ரெக்சேட். அது வேலை செய்யத் தொடங்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இந்த இடைவெளியைத் தாண்ட, குறைந்த காலத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் நீங்களே வாங்கிப் போட வேண்டாம். இரண்டு வகை வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போடுவதும் வேண்டாம், வயிறும் சிறுநீரகமும் கெடும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை முடிவுசெய்து காலண்டரில் குறித்துவையுங்கள். இந்த மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கருவுக்கு இந்த மருந்து ஆகாது.

காலை விறைப்புக்கு வருவோம். அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் விடியற்காலையில்தான் உடலில் கூடுகின்றன, இரவெல்லாம் மூட்டும் அசையாமல் கிடக்கிறது. அதனால் எழுந்ததும் வேலையில் இறங்காமல், கைகளை வெதுவெதுப்பான நீரில் வைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். சூடாக வீங்கியிருக்கும் மூட்டுக்கு, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் இதம் தரும். விறைப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்று தினமும் எழுதிவையுங்கள். "ரொம்ப வலிக்கிறது" என்பதைவிட, "எண்பது நிமிடம் இப்போது ஐம்பதாகியிருக்கிறது" என்பது மருத்துவருக்கு அதிகம் உதவும்.

வீட்டார் சொல்வதில் பாதி சரி. வீங்கிய மூட்டுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் முழுக்கப் படுத்துவிட்டால் தசை இளைத்து, மூட்டின் பாரம் கூடும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யுங்கள், பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். அப்புறம் அந்த அசதி, அதுவும் இந்த நோய் தருவதுதான். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல விடாதீர்கள், நீங்களும் அப்படி நினைக்காதீர்கள்.

காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கினால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம்.