பனி மேல் பழி போட வேண்டாம்

கேள்வி: புதுச்சேரியில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் திரை கட்டி, மாதம் ஒரு படம் பார்க்கிறோம். போன மாதம் 'தி ஸ்னோமேன்' போட்டோம். நார்வே, பனி, தொடர் கொலைகள், குடிப் பழக்கத்தில் சிக்கிய துப்பறிவாளர் என்றதும் எல்லோரும் ஆசையாக உட்கார்ந்தோம். பெருத்த ஏமாற்றம். படத்தைத் தேர்ந்தெடுத்த நண்பரோ, "வெயிலில் வளர்ந்த நமக்கு இப்படி இருண்ட, மெதுவான படம் பார்க்கப் பொறுமை கிடையாது" என்று சொல்லிவிட்டார். இனி அந்தப் பக்கத்துப் படங்களே வேண்டாம் என்றும் பேச்சு. அவர் சொல்வது சரிதானா?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: சரியில்லை. படம் சறுக்கினால் பார்த்தவர்களின் ரசனையைக் குறை சொல்லும் பழக்கம் நம் சினிமா ஆர்வலர்களிடம் நிறையவே இருக்கிறது. அதை இங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தில் என்ன கோளாறு என்பதை அதன் இயக்குநரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2017-ல் படம் வெளிவந்த சமயத்தில், நார்வே அரசுத் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார் டோமஸ் ஆல்ஃப்ரெட்சன். நார்வேயில் படப்பிடிப்புக்குக் கிடைத்த நாட்கள் போதவில்லை, திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் படமாக்கப்படவே இல்லை, எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தது என்றார். எடிட்டிங் செய்த இருவரில் ஒருவர் தெல்மா ஸ்கூன்மேக்கர். மார்ட்டின் ஸ்கார்செஸியின் படங்களுக்காக மூன்று ஆஸ்கர் வாங்கியவர். எடுக்காத காட்சியை அவரால்கூட ஒட்ட முடியாதே!

ஜே.கே. சிம்மன்ஸ் நடித்த பணக்காரர் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். குளிர்கால விளையாட்டுப் போட்டியை ஆஸ்லோவுக்குக் கொண்டுவரப் பாடுபடுகிறார். பெண்களைக் கைபேசியில் படம் எடுக்கிறார். இந்த ஆள் மேல் ஒரு கண் வையுங்கள் என்று கேமரா நம்மிடம் சொல்கிறது. நாமும் வைக்கிறோம். அப்புறம் அவர் விஷயம் என்ன ஆனது? சொல்ல ஆளில்லை. இந்தப் படத்துக்கு மூலமான யூ நெஸ்போவின் 2007 நாவலைப் படித்தவர்கள் விட்ட இடத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம். மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் எதை வைத்து நிரப்புவார்கள்?

நடிகர் வேல் கில்மர் வரும் இடங்களில் உதடும் குரலும் ஒட்டவில்லை. டப்பிங் பார்த்தே வளர்ந்த நம்மவர்களுக்கு அது சட்டென்று தெரிந்துவிடும். ஆனால் அப்போது அவர் தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு குறையை மட்டும் நான் குறையாக எண்ணமாட்டேன்.

படத்தின் போஸ்டரில் கொலைகாரன் போலீசுக்கு எழுதிய கடிதம் இருக்கும். எல்லாத் துப்பும் கொடுத்தேனே, நீ அவளைக் காப்பாற்றியிருக்கலாமே என்று. போலீசுக்குக் கொடுத்தானோ என்னவோ, டிக்கெட் வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை. துப்பறியும் படத்தில் இதைவிடப் பெரிய ஏமாற்று வேறு இல்லை. அமெரிக்காவில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் சினிமாஸ்கோர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது அவர்கள் கொடுத்த மதிப்பெண் 'டி', அதாவது மிகவும் மட்டம். பனியிலேயே வாழ்கிறவர்களும் அதில் இருந்திருப்பார்கள். வெயிலுக்கும் ரசனைக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கடலூர்க்காரருக்கு இருட்டும் வெறுமையும் புரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் என்று டிசம்பர் மாதம் என்ன செய்யும் என்பதைப் பார்த்த ஊர் இது. தானே அடித்த பிறகு பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தன. அந்த இருட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் திரையில் ஒரு சோகக் கதையைப் பொறுமையாகப் பார்க்கத் தெரியும். கதை அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே ஆல்ஃப்ரெட்சன் 2008-ல் ஸ்வீடனில் எடுத்த 'லெட் தி ரைட் ஒன் இன்' படத்திலும் பனிதான், இருட்டுதான், மெதுவான நடைதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றம், ராத்திரி நேரம். பள்ளியில் அடி வாங்கும் ஒரு பையன் தனியாக நிற்கிறான். அங்கே வரும் சிறுமி மேலே கம்பளிகூட இல்லாமல், மெல்லிய உடையில் சாதாரணமாக நிற்கிறாள். அவளுக்கு ஏன் குளிரவில்லை?  அந்தக் கேள்வி நம்மைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே பனியே ஒரு துப்பு. 'தி ஸ்னோமேன்' படத்தில் பனி வெறும் அழகான பின்னணி. ஒரே இயக்குநர், ஒரே குளிர். ஒன்றில் கதை முழுசாக இருந்தது, மற்றதில் இல்லை.

ஆகவே வட ஐரோப்பிய நாட்டுப் படங்களை ஒதுக்கிவிடாதீர்கள். அடுத்த மாதம் 'லெட் தி ரைட் ஒன் இன்' போடுங்கள். ரத்தம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளை மாடிக்கு அழைக்க வேண்டாம். ஸ்வீடிஷ் மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். அதுவும் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அப்போது தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், எந்த இடத்தில் விட்டுப்போனது என்று அவர்களிடம் உங்கள் நண்பரை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.