ஆடாதோடையிலிருந்து ஏன் இன்னும் காசநோய் மருந்து வரவில்லை?

ஆடாதோடை, திப்பிலி எல்லாம் தலைமுறை தலைமுறையாக இருமலுக்குக் கொடுக்கிறோமே, அவற்றிலிருந்து ஏன் ஒரு காசநோய் மருந்துகூட வரவில்லை என்பது கேள்வி. முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு வருடமும் ஆடாதோடை இலையை அரைத்து வடிகட்டியவன் நான். பட்டதைச் சொல்கிறேன்.

இருமலைத் தணிப்பது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. காசநோய்க் கிருமியின் வெளிச்சுவர் மெழுகு பூசியதுபோல இருக்கும். பல பொருள்கள் உள்ளேயே நுழையாது. அப்புறம் அதன் சோம்பேறித்தனம்! ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். அதனால்தான் எங்களைப் போன்ற மாணவர்கள் முதலில் ஸ்மெக்மாட்டிஸ் என்ற, சீக்கிரம் வளரும் அதன் சாதுவான சொந்தக்காரக் கிருமியில் சோதித்துப் பார்ப்போம்.

96 குழிகள் கொண்ட தட்டில் கிருமியும் சாறும் போட்டு, கடைசியில் ரெசசூரின் என்ற நீலச் சாயத்தைச் சொட்டுவோம். கிருமி உயிரோடிருந்தால் சாயம் இளஞ்சிவப்பாகும், செத்திருந்தால் நீலமாகவே நிற்கும். என் குழிகள் எல்லாமே இளஞ்சிவப்பு. சரி, சாறு வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொண்டே வந்தேன். மூன்று மாதம் கழித்துத்தான், கிருமியே போடாமல் வெறும் சாறு மட்டும் வைத்துப் பார்க்கத் தோன்றியது. அதுவும் இளஞ்சிவப்பு! இலையில் இருந்த பொருள்களே சாயத்தை மாற்றியிருக்கின்றன. மூன்று மாத நோட்டும் வீண். பிறகு கிருமியைத் தட்டில் பரப்பி, வளர்ந்த கூட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது சாறு கிருமியை ஓரளவு அடக்கத்தான் செய்தது. ஆனால் அந்த அளவுச் சாற்றில் நாங்கள் வளர்த்த விலங்குச் செல்களும் சேர்ந்தே செத்தன.

‘கணினியில் டாக்கிங் (மூலக்கூறு பொருந்துகிறதா என்று பார்ப்பது) செய்தோம், இந்த மூலிகைப் பொருள் கிருமியின் நொதியில் கச்சிதமாகப் பொருந்துகிறது’ என்று வரும் கட்டுரைகளை நான் பாதிதான் நம்புவேன். மெழுகுச் சுவர் அந்தக் கணினிக்குத் தெரியாது.

காசநோய் மருந்துகளான ஸ்ட்ரெப்டோமைசினும் ரிஃபாம்பிசினின் மூலப்பொருளும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் தந்தவை. பாக்டீரியாவோடு அன்றாடம் மல்லுக்கு நிற்பவை அவைதானே.

அதற்காகச் செடிகள் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துப் பிறந்தவைதான் இருமல் டானிக்கில் வரும் ப்ரோம்ஹெக்சினும் ஆம்ப்ராக்சாலும். இவை இரண்டும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக்குழாயில் தடுப்பதாக 1996இல் ஒரு கட்டுரை வந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது மிளகில் உள்ள பைப்பரின் என்ற காரப்பொருள். அது கிருமியைக் கொல்வதற்கல்ல, ரிஃபாம்பிசின் ரத்தத்தில் கூடுதலாகச் சேர உதவுவதற்கு. ஜம்முவில் உள்ள, மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அமைப்பைச் சேர்ந்த ஆய்வுக்கூடம் இதை வைத்து உருவாக்கிய ரிசோரின் என்ற மருந்தில் ரிஃபாம்பிசின் 200 மில்லிகிராம்தான். வழக்கமான அளவு 450. கூட இருப்பது 10 மில்லிகிராம் பைப்பரின்.

இதைச் சொன்னதும் எங்கள் சித்தப்பா, “அப்போ மிளகு ரசம் குடிச்சா மாத்திரையைப் பாதியாக்கிடலாமா?” என்றார். கூடாது சித்தப்பா. அந்த 10 மில்லிகிராம் அளந்து போட்டது, ரசத்தில் எவ்வளவு இருக்கிறதென்று சித்திக்கே தெரியாது.