கிளிப் கொளுவும் பலகை: ஆணி அடிக்க முடியாத வாடகை வீட்டுக்கு

வெள்ளவத்தையில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "தொடர்மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். 7 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகள். கிளிப், ரிபன், அலிஸ் பாண்ட் எல்லாம் ஒரே பிஸ்கற் டின்னுக்குள் கிடக்கின்றன. ஒரு சோடி கிளிப் தேடி எடுப்பதற்குள் ஸ்கூல் வான் கீழே வந்து ஹோன் அடிக்கிறது. ரெஜிபோமில் (வெள்ளை நுரைப்பலகை) வெல்வெட் துணி ஒட்டி, சுவரில் மாட்டும் பலகை செய்யலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆனால் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். என்ன செய்யலாம்?"

பலகையைப் பற்றி யோசிப்பதற்கு முன், அந்த டின்னை ஒரு பழைய பத்திரிகைத்தாளின் மேல் கவிழ்த்துக் கொட்டி, உள்ளே இருப்பவற்றை நிறப்படியோ பிள்ளைப்படியோ அல்லாமல், அவை எப்படிப் பிடித்து நிற்கின்றன என்பதை வைத்துப் பிரியுங்கள். டிக்-டாக் கிளிப்பும் முதலைவாய்க் கிளிப்பும் எதையாவது கடித்துக்கொண்டு நிற்பவை. அலிஸ் பாண்டுக்கு வளைந்து உட்காரத் தடி வேண்டும். றப்பர் பாண்டும் துணி சுற்றிய பாண்டும் கொக்கியில் தொங்கும். கடையில் வாங்கும் பெரும்பாலான தட்டுகள் இந்த மூன்றையும் ஒரே மாதிரியான பெட்டிகளில் போடச் சொல்வதால்தான், இரண்டு கிழமைக்குள் எல்லாம் மறுபடியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு வகையிலும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பலகையின் அளவை அந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்க வேண்டும்.

ரெஜிபோம் வேண்டாம். அது நுனிகளில் பொடிந்து உதிரும். கரைப்பான் கலந்த பசைகளில் பல, பட்ட இடத்திலேயே அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ரிபனை இழுத்துக் கட்டினால் அந்த இழுவையையும் தாங்காது. தடித்த காட்போட்டும் கொழும்பின் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வளைந்துவிடும். 45 சென்ரிமீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் உயரமும் 9 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பிளைவூட் துண்டொன்று போதும். ஹாட்வெயார் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருப் பக்கம் போக நேரம் இல்லையென்றால், வீட்டுக்கு அருகில் தளபாட வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளில் இந்த அளவு அநேகமாக அகப்படும். அதன் நிறை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ.

பலகையின் ஓரங்களைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, வெளிர்நிறப் பருத்தித் துணியை முன்பக்கம் இழுத்து விரித்து, விளிம்புகளைப் பின்பக்கம் மடித்து பைண்டர் கம்மால் ஒட்டுங்கள். வெல்வெட் பார்க்க அழகுதான். ஆனால் தூசியும் தலைமயிரும் அதில் படிந்தால் எளிதில் போகாது.

இந்த வேலையில் கவனம் முழுவதும் ரிபனில்தான் இருக்க வேண்டும். பளபளப்பான சட்டின் ரிபனில் கிளிப்புகள் ஒவ்வொன்றாக வழுக்கிக் கீழே வந்து அடியில் குவியும். விரலால் தடவினால் குறுக்கே வரிவரியாகத் தட்டுப்படும் ரிபன்தான் தேவை. புறக்கோட்டை ஃபேன்சிக் கடைகளில் பரிசுப்பெட்டி கட்டும் ரிபன்களோடு அதுவும் இருக்கும், தடவிப் பார்த்தே வாங்குங்கள். ஓர் அங்குல அகலத்தில் 4 மீற்றர் எடுத்தால், 70 சென்ரிமீற்றர் துண்டுகள் ஐந்து வெட்டியும் சிறிது மிஞ்சும். வெட்டிய நுனிகளை மெழுகுதிரிச் சுவாலைக்கு அருகில் ஒரு கணம் காட்டினால் நூல் பிரியாது. ஐந்து ரிபன்களையும் மேலிருந்து கீழாக, ஒன்றுக்கொன்று 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, இரு நுனிகளையும் பலகையின் பின்பக்கம் இழுத்து ஸ்டேப்பிள் அடியுங்கள். நடுவிலும் ஓரிடத்தில் முன்பக்கமாக ஒரு ஸ்டேப்பிள் அடித்து, அதன்மேல் துணிப் பூ ஒன்றை ஒட்டி மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாற்பது, ஐம்பது கிளிப்பின் பாரத்தில் ரிபன் தொய்ந்து தொட்டில்போல ஆகும். ஸ்டேப்பிள் கால் 6 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. நான் முதன்முதலில் செய்த பலகையில் அரை அங்குல ஆணி அடித்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் துணியைத் தடவிப் பார்த்தபோதுதான் ஆணிமுனைகள் முன்பக்கம் எட்டிப் பார்ப்பது விரலில் குத்தித் தெரிந்தது. அரை அங்குலம் என்பது 12 மில்லிமீற்றருக்கும் மேல், பலகையோ 9. கணக்கு அவ்வளவுதான், அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது கிளிப்பை ரிபனின் பக்கவாட்டிலிருந்து குறுக்காகக் கடிக்க விடுங்கள். 4 சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு ரிபனில் பதினைந்து கொள்ளும். பத்தோடு நிறுத்தினால்தான் பிள்ளையின் விரல் இடையில் நுழையும். சோடிக் கிளிப்புகள் அருகருகே இருக்கட்டும்.

அலிஸ் பாண்டுக்கு, பழைய தும்புத்தடியின் கம்பில் 40 சென்ரிமீற்றர் வெட்டி, இரு முனைகளிலும் உறுதியான நாடா கட்டிப் பலகைக்கு அடியில் கிடையாகத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. பால்மா டின்னைப் பலகையில் பொருத்தி அதன்மேல் பாண்டுகளை மாட்டும் முறையும் உண்டு. ஆனால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் டின், பிள்ளைகளின் நெற்றி உயரத்துக்குச் சரியாக வந்துவிடும். றப்பர் பாண்டுகளைக் குளியலறைத் திரை மாட்டும் பிளாஸ்டிக் வளையங்களில் நிறத்துக்கு ஒன்றாகக் கோத்து, அதே கம்பின் ஓரத்தில் விடலாம்.

அடுத்தது கறள். மரீன் டிரைவ் பக்கத்திலிருந்து உப்புக்காற்று வீசும் உங்கள் வீட்டில், வர்ணம் பூசிய இரும்புக் கிளிப்புகள் உரசிய இடத்திலிருந்து கறள் பிடிக்கத் தொடங்கும். அந்தக் கறள் முதலில் ரிபனையும், பிறகு வெள்ளைச் சீருடையின் தோள்பட்டையையும் கறையாக்கும். ஈரத்தலையில் இருந்து கழற்றிய கிளிப்பைத் துடைக்காமல் பலகையில் கொளுவக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். வர்ணம் உரிந்த கிளிப் புதிதாக இருந்தால், உரிந்த இடத்தில் நிறமில்லாத கியூடெக்ஸ் ஒரு பூச்சு பூசிக் காயவிடலாம். ஏற்கெனவே செம்மை படிந்ததை எறிந்துவிடுவதே நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேரடியாக அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் இந்தப் பலகையை வைக்க வேண்டாம். எங்கு வைத்தாலும் நான்கு மூலைகளிலும் பின்னால் றப்பர்த் துண்டு ஒட்டி, காற்றுப் போக ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள்.

ஆணியில்லாமல் மாட்டுவதற்கு, உங்கள் நிலையில் நான் தெரிவு செய்வது படுக்கையறைக் கதவின் உட்பக்கம்தான். ஒட்டும் கொக்கிகளை நான் நம்புவதில்லை. ஈரம் ஊறிய சுவரில் பசை பிடித்தாலும் வர்ணம் அதோடு உரிந்து வரும், பிறகு வீட்டுக்காரரோடு கதைக்க வேண்டியது நீங்கள்தான். கதவின் மேல்விளிம்பில் கொளுவும் கொக்கிகள் இரண்டு வாங்கி (கதவின் தடிப்பை முதலில் அளந்துகொள்ளுங்கள்), அவற்றிலிருந்து பைகளுக்குத் தைக்கும் தட்டையான வாரில் பலகையை இறக்குங்கள். வார் கதவோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். தொய்ந்த வளையமாக விட்டால் சின்னவள் அதற்குள் கழுத்தை நுழைத்து விளையாடக்கூடும். பலகையின் அடிப்பக்கத்தை வெல்க்ரோ துண்டால் கதவோடு பிடித்துவிட்டால், கதவைச் சாத்தும்போது அடிபடாது.

உயரத்தைத் தீர்மானிக்கும்போது உங்கள் கண்ணை அல்ல, சின்னவளின் கையை அளவாகக் கொள்ளுங்கள். 4 வயதுப் பிள்ளை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம் இருக்கும். பலகையின் அடி தரையிலிருந்து 70 சென்ரிமீற்றரில் நின்றால், கீழ்ப்பாதி முழுவதும் அவளுக்கு எட்டும், மேல்பாதியை அக்காவுக்கு விடலாம். பாடசாலைக்குப் போடும் கறுப்புக் கிளிப்பும் சீருடை ரிபனும் இருவருக்கும் எட்டும் நடுவரிசையில் இருக்கட்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வீட்டுக்கு வந்து போவதாயின், மணி கோத்த சிறு கிளிப்புகளை மேலே ஏற்றிவிடுங்கள். மின்னும் கிளிப்புகளில் இருக்கும் பொத்தான் பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால், அவ்வகைக் கிளிப்பை வீட்டில் வைக்காமல் இருப்பதே என் ஆலோசனை.

மூத்தவள் பரதநாட்டியம் பழகுகிறாள் என்றால், நெற்றிச்சுட்டி, ராக்கொடி போன்றவற்றை இந்தப் பலகைக்குக் கொண்டுவர வேண்டாம். முலாம் பூசிய நகை திறந்த காற்றில் கறுத்துவிடும். பஞ்சில் சுற்றி, இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு அலுமாரிக்குள் வையுங்கள்.