கோடையில் கலப்பின மாட்டுக்குப் பால் குறைகிறதே, என்ன செய்யலாம்?

மத்தியானத்தில் மாடு வாயைத் திறந்து இரைக்கிறது, பாலும் குறைகிறது என்கிறீர்கள். முதலில் வைக்கோல் போடும் நேரத்தை மாற்றுங்கள்; நார்த்தீவனம் செரிக்கும்போது வயிற்றுக்குள்ளேயே சூடு கிளம்பும், அதனால் உச்சி வெயிலில் போடாமல் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போட்டால் நன்றாகத் தின்னும். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும், சுடுதண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். தகரக் கொட்டகை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். மாட்டின் மேல் தண்ணீர் தெளிப்பது சரிதான், ஆனால் காற்றோட்டம் இல்லாவிட்டால் அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

அப்புறம், பசுந்தீவனம் இல்லையே என்று தண்ணீரில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்தை மட்டும் அறுத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் சயனைடு நச்சு ஏறியிருக்கலாம். மூச்சுத் திணறி, நடுங்கி, வைத்தியர் வருவதற்குள் மாடு விழுந்துவிடும். பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.