பி.காம் படிக்கும் நான் நுண்கலைப் பாடம் எடுக்கலாமா? எனக்கு வரையவே வராது.

எடுங்கள். முதலாண்டு என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்திருப்பீர்கள், அதனால்தான் நான்-மேஜர் எலக்டிவ், அதாவது உங்கள் துறைக்கு வெளியே நீங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு பாடம், கொடுத்திருக்கிறார்கள். தமிழ் படிக்காதவர்களுக்கு அந்த இடத்தில் அடிப்படைத் தமிழ் வந்துவிடும்.

நானும் பி.காம்தான், சென்னையில் ஒரு கல்லூரி. நண்பர்கள் கேட்ட பாடம் நிரம்பிவிட்டது, எனக்கு ஓவியம் கிடைத்தது. "டேலி கத்துக்கிற நேரத்துல இது எதுக்குடா?" என்றார் அப்பா, கணக்கு எழுதும் மென்பொருளைச் சொல்லி.

முதல் வகுப்பில் ஸ்டூல் மேல் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது. பத்தே நிமிடத்தில் வரைந்து முடித்தேன். மேடம் வந்து பார்த்துவிட்டு, "இது உனக்குத் தெரிஞ்ச சொம்பு. அங்க இருக்கிற சொம்பைப் போடு" என்றார். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளக்கச் சொல்லிக்கொடுத்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சொம்பின் வாய் வட்டமாக இல்லை, நீள்வட்டம். அடியும் நேர்கோடு இல்லை, லேசாக வளைகிறது. தினமும் தண்ணீர் குடித்த சொம்பை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை மெரினா. போகும் வழியிலேயே மேடம் கேட்டார், உழைப்பாளர் சிலையில் எத்தனை பேர் என்று. நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவன். மூன்று என்றேன். நான்கு பேர். 1959-இல் வைத்த சிலை. செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். பாறையை நகர்த்தும் அந்த நால்வரில் ஒருவருடைய கெண்டைக்காலை மட்டும் இரண்டு மணி நேரம் வரைந்தேன். பாறையின் கனம் அந்தக் காலில் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு டிராயிங் பீரியட் டைம்டேபிளில் இருந்தது. பெரும்பாலும் கணக்கு சார் வந்து எடுத்துக்கொள்வார். டிராயிங் மாஸ்டரை ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோல் வெட்டவும், விடைத்தாள் கட்டவும் வைத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற அன்று கரும்பலகையில் சாக்பீஸால் பள்ளிக்கூட வேப்பமரத்தை வரைந்துவிட்டுப் போனார். இலை இலையாக இருந்தது. அவ்வளவு தெரிந்த மனிதரிடம் நாங்கள் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை. இன்றும் ஆறவில்லை எனக்கு.

வேலைக்கு உதவுமா என்று யாராவது கேட்பார்கள். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன், ஓவியத்தால் சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை. ஓவியன் ஆகிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நான்கு வருடம் பி.எஃப்.ஏ என்ற நுண்கலைப் பட்டம் படிக்கிறவர்களின் உழைப்போடு இந்த இரண்டு கிரெடிட்டை ஒப்பிடவே கூடாது. ஆனால் சும்மா மார்க் வரும் என்று மட்டும் போகாதீர்கள். எங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்களால் மேடம் எத்தனை முறை பாதியில் நிறுத்தினார் தெரியுமா?

2பி, 4பி, 6பி பென்சில் ஒவ்வொன்று, சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் (வரைவதற்கான கெட்டித் தாள்) போதும். விலை கூடிய ஸ்கெட்ச்புக் வேண்டாம், தாள் வீணாகுமே என்று கை பயப்படும். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறொரு நாள் வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போய், நடராசரின் தூக்கிய காலை மட்டும் நின்று பாருங்கள். பெயரை நாளைக்கே கொடுத்துவிடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.