நாலு மணிக்கு ஹீட்டர் ஏன் நிற்கிறது?

வாசகர் கேள்வி – பதில்: பனிக்கால யோசெமிட்டியில் மோட்டார்ஹோம்

கேள்வி: டிசம்பர் கடைசியில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள அப்பர் பைன்ஸ் முகாமில் இரண்டு இரவு தங்கினோம். 25 அடி மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்து, சமைக்கும் வீட்டு வண்டி), 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று. பகலெல்லாம் நடக்கப் போய்விட்டு, மாலையில் மட்டும் ஜெனரேட்டர் ஓட்டினோம். இரண்டாம் இரவு, விடியற்காலை நாலு மணிக்கு ஹீட்டர் விசிறி ஓடியது, சூடு வரவில்லை. கேஸ் முக்கால் டேங்க் இருந்தது. ஹீட்டர் பழுதா? (சன்னிவேல் வாசகர்)

பழுது இல்லை. பேட்டரி இறங்கிவிட்டது. ஹீட்டருக்குள் காற்றோட்டத்தை உணரும் சின்னத் தகடு ஒன்று சுவிட்சோடு இருக்கிறது. விசிறி போதிய வேகத்தில் சுழன்று அந்தத் தகட்டைத் தள்ளினால்தான் அடுப்பு பற்றும். வோல்ட்டேஜ் குறைந்தால் விசிறி சோம்பிச் சுழலும், தகடு நகராது, கேஸ் எவ்வளவு இருந்தாலும் பற்றாது. விசிறி சுற்றுகிறதே என்று பார்த்துத்தான் பலரும் ஹீட்டரைப் பிரித்துவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். அப்பர் பைன்ஸில் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டருக்கு காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரைதான் அனுமதி. ஆகவே இரவில் 12 மணி நேரம் பேட்டரியே கதி. விசிறி சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம் ஓடினால் 48 ஏ.ஹெச். ஃபிரிஜ்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை, விளக்கு, கேஸ் அலாரம் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு 12. ஓர் இரவுக்கு 60. லெட்-ஆசிட் (ஈய-அமில) பேட்டரி குளிரில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 100 என்று எழுதியிருந்தாலும் உறைநிலையில் கிடைப்பது 80 தான். முதல் இரவு அதில் 60 போனது. மாலை இரண்டு மணி நேரத்தில் 40 ஏறியிருந்தாலே பெரிது, ஏனென்றால் நிறைய நிறைய இந்த வகை பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். மீதி 60-ஐ வைத்துக்கொண்டு இரண்டாம் இரவில் இறங்கினீர்கள். அது முழுதும் தீருமுன்பே வோல்ட்டேஜ் இறங்கிவிடும், நாலு மணிக்கு நின்றதில் வியப்பில்லை.

இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 220 ஏ.ஹெச். அளவுக்குக் கிடைக்கும். அதுதான் உருப்படியான தீர்வு. காலை 7 மணி ஓட்டத்தைத் தவறவிடாதீர்கள். இரவில் தெர்மோஸ்டாட்டை 15 டிகிரிக்கு இறக்கி, கம்பளியைக் கூட்டுங்கள். லித்தியம் பேட்டரிக்கு மாறுவதானால் ஓர் எச்சரிக்கை: பேட்டரிச் செல்லின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அதை வண்டிக்குள், சூடுள்ள பக்கமாக வையுங்கள்.

கேஸ் கவலை இதைவிடச் சிறிது. 30,000 பி.டி.யூ. (வெப்ப அளவு) ஹீட்டர் பாதி நேரம் எரிந்தால் இரவுக்கு 4 கிலோ புரொப்பேன் போகும்.

கேள்வி: எந்த வழியாக வருவது? எங்கள் டயர்கள் பனி டயர்கள்தான், டயர்மேல் மாட்டும் செயினும் தேவையா? (ஃபிரெஸ்னோ வாசகர்)

உங்களுக்கு 41-ஆம் நெடுஞ்சாலை பக்கம். ஆனால் அது சின்குவாபின் அருகே 6,000 அடி ஏறி இறங்குகிறது. 120-ஆம் நெடுஞ்சாலை கிரேன் ஃபிளாட்டில் அதற்கும் மேலே போகிறது. மரிபோசா, எல் போர்ட்டல் வழியாக வரும் 140 தான் தாழ்வானது. முகாம் இருக்கும் பள்ளத்தாக்கின் தரையே 4,000 அடிதான். பனி அறிவிப்பு இருந்தால் சுற்றானாலும் 140-ஐ எடுங்கள். பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் இல்லை, எல் போர்ட்டலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

செயின் கட்டாயம். ஆர்-1 என்ற முதல் படி செயின் கட்டுப்பாட்டில் பனி டயருக்குக் கிடைக்கும் விலக்கு 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே. ஃபோர்டு இ-450 சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) கட்டிய மோட்டார்ஹோம் 14,500 பவுண்டு வரை வரும். வாடகை வண்டியென்றால் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள், செயின் மாட்டக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படியானால் பனி பெய்யும் வாரத்தில் போகாமலிருப்பதே வழி.

பின் அச்சில், வெளிப்புறச் சக்கரங்களில் மாட்டுங்கள். சிறிது தூரம் ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்குங்கள், முதல் முறை இறுக்கியது எப்போதும் தளரும். மணிக்கு 25 மைலுக்கு மேல் வேண்டாம். வெறும் தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். அறுந்த கண்ணி ஒன்று சாட்டைபோல் அடித்து பிரேக் குழாயை வெட்டிவிடும். வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகாமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி: தண்ணீர் உறையுமா?

ஜனவரி இரவில் சராசரியாக உறைநிலைக்குச் சற்றுக் கீழே இறங்கும், பகலில் மேலேறிவிடும். உள்ளிருக்கும் குழாய்களுக்கு, சிங்க் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தாலே போதும். மாட்டிக்கொள்வது கழிவுநீர் வால்வுதான். படுக்குமுன் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு கோப்பை இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸ் ஊற்றுங்கள். அது புரொப்பிலீன் கிளைக்கால் வகை. காரில் ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் விஷம், பக்கத்தில் கொண்டுவராதீர்கள். வால்வு உறைந்தால் பிடியை இழுத்து உடைக்காமல் வெந்நீர் ஊற்றுங்கள். முகாமின் டம்ப் ஸ்டேஷன் (கழிவுநீரைக் கொட்டும் இடம்) ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்.

கேள்வி: ஹீட்டர் நின்றால் சமையல் அடுப்பை எரித்துக் குளிர் காயலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அதோடு ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக உள்ளேயே தங்கி, சுவரும் மெத்தையும் ஈரமாகும். சமைக்கும்போது கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். ஹீட்டர், ஜெனரேட்டர் இரண்டின் புகைவாயும் பனியில் மூடியிருக்கிறதா என்று காலையில் முதலில் பாருங்கள்.

கேள்வி: கூரையில் சேரும் பனியை அப்படியே விடலாமா?

உலர்ந்த புதுப்பனி ஓர் அடி என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ, கூரை தாங்கும். யோசெமிட்டி இருக்கும் சியரா மலையில் விழுவது பெரும்பாலும் ஈரப்பனி. ‘சியரா சிமென்ட்’ என்றே அதற்குப் பட்டப்பெயர். அதே ஓர் அடி 80 கிலோவைத் தொடும். 25 அடி வண்டியின் கூரைக்கு ஏறக்குறைய ஒன்றரை டன். 2023 பிப்ரவரியில் பள்ளத்தாக்குத் தரையிலேயே 40 அங்குலம் குவிந்து, பூங்காவையே மூடினார்கள். ஒவ்வோர் அரை அடிக்கும் நீளக் கம்புத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். சுவரை வெளியே நீட்டும் ஸ்லைடை உள்ளேயே வைத்திருப்பது நல்லது. நீட்டியிருந்தால் மேலுள்ள பனிக்கட்டியை எடுத்த பிறகே இழுங்கள், இல்லையேல் ரப்பர் விளிம்பு கிழியும்.

கேள்வி: குளிர்காலத்தில் கரடி தூங்குமே, ஐஸ் பெட்டியை வெளியே வைக்கலாமா?

எல்லாக் கரடியும் தூங்குவதில்லை. முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வையுங்கள், அல்லது வண்டிக்குள் கண்ணில் படாமல் வையுங்கள். வெளியே போகும்போது அந்த இரண்டு விரல் துவாரத்தையும் மூடிவிட்டுப் போங்கள்.