புது காரின் எஞ்சினைப் பழக்குவது எப்படி? மாமனார், நண்பர், ஷோரூம்: யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: இரண்டு வாரத்துக்கு முன்பு பிஎம்டபிள்யூ எம்340ஐ எடுத்தேன். பதினெட்டு வருட உழைப்பில் சேர்த்த காசு. ஓடோமீட்டரில் இப்போது 310 கி.மீ. டெலிவரி அன்று ஷோரூம் ஆலோசகர், “இந்தக் காலத்து எஞ்சினுக்கு ரன்னிங்-இன் (புது எஞ்சினை அளவோடு ஓட்டிப் பழக்குவது) எல்லாம் கிடையாது சார், ஃபேக்டரியிலேயே ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புறாங்க, தாராளமா மிதிங்க” என்றார். மாமனார் முப்பது வருடம் அம்பாசடர் வைத்திருந்தவர். முதல் சர்வீஸ் வரை அறுபதைத் தாண்டாதே என்கிறார். நண்பனோ முதல் நாளே நன்றாக மிதித்தால்தான் எஞ்சின் ‘ஃப்ரீ’ ஆகும் என்கிறான். யார் சொல்வது சரி?
- கோவை வாசகர்

பதில்: டேஷ்போர்டு டிராயரில் அல்லது கார் திரையில் இருக்கும் கையேடு சொல்வதுதான் சரி. உங்கள் காருக்கு அது இப்படிச் சொல்கிறது: முதல் 2,000 கி.மீ. வரை எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 4,500-ஐயும், வேகம் மணிக்கு 160 கி.மீ.யையும் தாண்டக் கூடாது. சுற்றும் வேகமும் ஒரே அளவில் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். முழு ஆக்சிலரேட்டரும் கிக்-டவுனும் (மிதியை அடிவரை அழுத்தி, கியர் தானாக இறங்கிக் கார் பாய வைப்பது) எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். 2,000-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். காரை விற்றவரே வாய்வார்த்தையாக “தேவையில்லை” என்றாலும், நாளை ஒரு சிக்கல் வந்தால் கணக்கில் எடுக்கப்படுவது கையேட்டில் அச்சாகியிருப்பதுதான்.

அந்த 160 கி.மீ. பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம். நம் எக்ஸ்பிரஸ்வேயிலேயே கார்களுக்கு உச்ச வரம்பு 120தான். நீங்கள் கண் வைக்க வேண்டியது எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரில்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? சில வருடங்களுக்கு முன்பு, ரீபோர் வேலைக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைத் திரும்பக் கடைவதற்கு வந்த ஒரு எஞ்சின் பிளாக்கை லேத் பட்டறையில் கிட்டத்தில் பார்த்தேன். ஹோனிங் (கல்லால் தேய்த்துச் சீராக்கும் வேலை) முடிந்த சிலிண்டர் சுவரில், கோலத்துக்குக் குறுக்குக் கோடு இழுத்தது போல மெல்லிய கீறல்கள் ஒன்றையொன்று வெட்டி ஓடின. நகத்தை வைத்து இழுத்தால் லேசாகச் சொரசொரத்தது. பக்கத்திலேயே, சீக்கிரமே ஆயில் குடிக்க ஆரம்பித்துப் பிரித்துப் போட்ட இன்னொரு பிளாக். அதன் சுவர் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. மேஸ்திரி அதைத் தடவிக் காட்டி, “பளபளன்னு இருக்கு பாருங்க, அதுதான் நோய்” என்றார்.

அந்தக் கீறல்களுக்கு இரண்டு வேலை. பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைக்கின்றன. மேடுகள், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் உரச உரசத் தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்த வழி செய்கின்றன. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் அல்ல. சிலிண்டரில் எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. காரை எப்போதும் மென்மையாகவே ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. ரிங் பொருந்துவதற்குள் பள்ளங்களில் தேங்கிய ஆயில் சூட்டில் பிசினாகப் படிந்து சுவர் வழவழத்துப் போகும். அப்புறம் அந்த எஞ்சின் ஆயில் குடித்துக்கொண்டேதான் இருக்கும். மாறாக முதல் நாளே அடியோடு மிதித்தால், இன்னும் தேயாத மேடுகளில் உரசல் சூடு ஓரிடத்தில் குவிந்து கீறல் விழும்.

எனவே உங்கள் நண்பர் பாதி சரி. எஞ்சினுக்குச் சுமை கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் முழுச் சுமை அல்ல. மாமனார் சொன்னதும் அவர் ஓட்டிய வண்டிக்குச் சரியாகவே இருந்திருக்கும். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு எஞ்சின்களில் கடைசல் வேலையின் நுணுக்கம் குறைவு, ஆயிலின் தரமும் இன்றைய அளவு இல்லை. உங்கள் காரில் இருப்பது பி58 என்ற 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். பிளாக் அலுமினியம். உருகிய இரும்புக் கம்பியை மின்வில்லால் தெளித்து, சிலிண்டர் சுவருக்கு மெல்லிய படலமாகப் பூசியிருக்கிறார்கள். மேடுகளின் முனையைத் தொழிற்சாலையிலேயே மட்டமாக்கியும் விடுகிறார்கள். அதனால் பழக்க வேண்டிய வேலை குறைந்திருக்கிறது. முற்றாக ஒழிந்துவிடவில்லை.

“ஃபேக்டரியிலேயே ஓட்டிட்டாங்க” என்ற பேச்சை ஏற்காதீர்கள். இன்று பல தொழிற்சாலைகளில் எஞ்சினுக்குள் பெட்ரோலே எரிப்பதில்லை. மின்மோட்டாரால் சுற்றவிட்டு அழுத்தத்தையும் கசிவையும் அளந்துவிடுகிறார்கள். பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்த்தாலும் அது சில நிமிடச் சோதனைதான். உங்கள் கார் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆலையில் பூட்டப்படுவது. அங்கிருந்து நேராக உங்கள் கைக்கு வருகிறதே தவிர, இடையில் யாரும் 2,000 கி.மீ. ஓட்டித் தருவதில்லை. மேலும் பழகுவது ரிங் மட்டும் அல்ல. கியர் பற்கள், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பின் டிஃபரன்ஷியல், பேரிங்குகள் எல்லாமே முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன.

இனி நடைமுறை. அவினாசி சாலையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் ஏறி, குரூஸ் கண்ட்ரோலில் 100 வைத்து நிம்மதியாகப் போவதுதான் புது எஞ்சினுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எட்டாவது கியரில் 100-ல் போகும்போது உங்கள் எஞ்சின் 2,000 சுற்றைக் கூடத் தொடாது. இரண்டு மணி நேரம் ஒரே சுற்று, ஒரே லேசான சுமை. குரூஸ் கண்ட்ரோலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஸ்டீயரிங் பின்னால் உள்ள துடுப்பால் (கியர் மாற்றும் விசை) மூன்றாவது அல்லது நான்காவது கியருக்கு இறக்குங்கள். 2,000-லிருந்து 4,000 வரை, மிதியைப் பாதி அளவு அழுத்தி, சீராக ஏற விடுங்கள். பிறகு காலை எடுத்துவிட்டு, கியரை மாற்றாமல், எஞ்சின் பிரேக்கிலேயே வேகம் இறங்கட்டும். சாலை காலியாக இருக்கும் விடியற்காலையில் இதை அரைமணி நேரம் செய்தால், நகரத்து நெரிசலில் ஒரு வாரம் ஊர்ந்ததைவிட அதிகப் பயன். இந்த எஞ்சினின் 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை 2,000 சுற்றுக்குக் கீழேயே முழுதாக வந்துவிடும். 4,500-ல் நிறுத்திக்கொண்டாலும் காரின் சுகம் குறையாது.

மிதியை அடிவரை கொண்டுபோனால் கடைசியில் ‘டக்’ என்று ஒரு தடை தட்டும். அதைத் தாண்டினால்தான் கிக்-டவுன். அந்தத் தடையை இப்போதைக்கு உங்கள் கால் தொட வேண்டாம். லாரியை முந்தும்போது தேவைப்பட்டால் முன்கூட்டியே கியரை இறக்கிக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் மட்டும் யோசிக்காமல் மிதியுங்கள். உயிரைவிட ரிங் பெரிதில்லை.

இத்தனையிலும் நான் அதிகம் கவலைப்படுவது குளிர்ந்த ஆயிலைப் பற்றி. கையேட்டின் எண்களை ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டாவது நிமிடமே 4,000 சுற்றுக்கு ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சீக்கிரம் சூடாகும், ஆயில் பின்தங்கித்தான் சூடாகும். மீட்டரில் வெப்பநிலை நடுவுக்கு வந்த பிறகும் ஐந்து பத்து நிமிடம் 3,000-க்குள் ஓட்டுங்கள். எம்3, எம்4 போன்ற அசல் எம் கார்களில் ஆர்பிஎம் மீட்டரின் எச்சரிக்கைப் பட்டையே ஆயில் சூடாக ஆகத்தான் மேலே நகரும். கம்பெனிக்கே அதில் அவ்வளவு கவனம். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் சூடேற்றுவதும் வேண்டாம். சுமையில்லாமல் சுற்றுவது ரிங்குக்கு உதவாது. கிளம்பி, மெதுவாகப் போங்கள்.

டயர் புதிதாக இருக்கும்போது பிடிப்பு குறைவு. சுமார் 300 கி.மீ. ஓடிய பிறகே முழுப் பிடிப்பு வரும் என்கிறது கையேடு. நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒத்துப்போக 500 கி.மீ. ஆகும். அதனால் குன்னூர் மலைப்பாதை ஆசை இருந்தால் இன்னும் 200 கி.மீ. பொறுங்கள். ஏறுவதில் தவறில்லை, இறங்கும்போது, பழகாத பேடைத் தொடர்ந்து அழுத்த நேரும்.

கேள்வி: நானும் அதே எம்340ஐ வாங்கப் போகிறேன். 2,000 கி.மீ.யில் கட்டாயம் ஆயில் மாற்ற வேண்டும் என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் கேட்டால் தேவையில்லை என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
- திருச்சி வாசகர்

பதில்: இல்லை, இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. கட்டாயம் மாற்ற வேண்டும் என்பவர்கள்தான் இரண்டு வகைக் கார்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எம்2, எம்3, எம்4, எம்5 ஆகியவை முழு எம் கார்கள். அவற்றுக்கு 2,000 கி.மீ.யில் ரன்னிங்-இன் சர்வீஸ் உண்டு. எஞ்சின் ஆயிலோடு பின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுவார்கள். பழகும் காலத்தில் அவற்றின் வரம்பும் வேறு: 5,500 சுற்று, 170 கி.மீ. எம்340ஐ என்பது எம் பெர்ஃபாமன்ஸ் வகை, முழு எம் காருக்கு ஒரு படி கீழே. அதற்கு இந்த சர்வீஸைக் கம்பெனி கேட்பதில்லை.

என் சொந்தக் கருத்து: காரை எட்டு பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் என்றால், 2,000-லேயே கைக்காசில் ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். தேய்மானத்தில் உதிரும் உலோகத் துகளின் பெரும்பகுதி இந்த ஆரம்பக் கட்டத்தில்தான் வரும். ஃபில்டர் அதைப் பிடிக்கும், ஆனால் மிக நுண்ணிய தூள் தப்பிவிடும். மூன்று வருடத்தில் விற்கப் போகிறவருக்கு இந்தச் செலவு வேண்டாம். மாற்றுவதானால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே, கையேட்டில் உள்ள ஆயில் தர எண்ணைச் சொல்லி மாற்றுங்கள், அந்த எண் பில்லில் வரும்படி கேட்டு வாங்குங்கள். முழு எம் கார் வாங்கியவர்கள் இந்த சர்வீஸைத் தள்ளிப்போடவே கூடாது. பிறகு வாரண்டியில் எஞ்சின் வேலை வந்தால் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.

கேள்வி: டெலிவரிக்குத் தயாராக நிற்கும் என் காரில் ஓடோமீட்டர் 140 கி.மீ. காட்டுகிறது. “யார்டிலிருந்து ஓட்டி வந்தோம் சார்” என்கிறார்கள். வாங்கலாமா?
- சென்னை வாசகர்

பதில்: இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது, ஏனென்றால் எனக்கே நடந்தது. நான் முன்பு எடுத்த ஒரு டர்போ காரில் டெலிவரி அன்று 118 கி.மீ. இருந்தது. பூஜை போட்டு, மாலை போட்டு, வீட்டார் எல்லோரும் நிற்கும்போது கேட்க மனம் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, இரண்டு வாரம் அதையே சிலருக்கு டெஸ்ட் டிரைவ் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சின் பழக வேண்டிய முதல் நூறு கிலோமீட்டரை, முகம் தெரியாதவர்கள் மிதித்துப் பார்த்துவிட்டார்கள். இன்றுவரை அந்த ஆற்றாமை போகவில்லை.

கார்கள் பொதுவாக டிரெய்லரில்தான் வருகின்றன. யார்டில் நகர்த்துவது, டெலிவரிக்கு முந்தைய சோதனை, பெட்ரோல் போட்டு வருவது எல்லாம் சேர்ந்து ஐம்பதுக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். நூறைத் தாண்டினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மீதித் தொகையைக் கட்டும் முன்பு, மீட்டரையும் சேஸிஸ் எண்ணையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும், அதையும் பாருங்கள். டெமோ கார் என்றால் டெமோ கார் விலைக்குத்தான் வாங்க வேண்டும். பழைய பொருளைப் புதிது என்று சொல்லி விற்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே வரையறுக்கிறது.

பேசித் தீரவில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையம். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். இந்த வகைக் கார்கள் பலவற்றின் வழக்கு நேராக மாநில ஆணையத்துக்குத்தான் போகும். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

கேள்வி: ஐ20 என் லைன் வாங்கியிருக்கிறேன். சின்ன எஞ்சின்தானே, இதற்கும் ரன்னிங்-இன் உண்டா?
- மதுரை வாசகர்

பதில்: உண்டு. ஹூண்டாய் கையேட்டின்படி முதல் 1,000 கி.மீ. வரை சுற்று 2,000-க்கும் 4,000-க்கும் இடையில் இருக்கட்டும், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போக வேண்டாம், அவசரம் இல்லாமல் சடக்கென்று பிரேக் போட வேண்டாம். கீழ் வரம்பு ஒன்றும் இருப்பதைக் கவனியுங்கள். மைலேஜுக்காக மேல் கியரில் 1,300 சுற்றில் எஞ்சினை முக்க வைப்பதும் இந்தக் கட்டத்தில் கெடுதல்தான்.

கேள்வி: எம்340ஐ-யை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்ட ஆசை. நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் லாஞ்ச் கண்ட்ரோலை எப்போது தொடலாம்?
- காஞ்சிபுரம் வாசகர்

பதில்: ரன்னிங்-இன் முடியும் வரை லாஞ்ச் கண்ட்ரோல் கூடாது என்று கையேடே சொல்கிறது. டிராக்குக்கு நான் 3,000 கி.மீ. வரை பொறுக்கச் சொல்வேன். 2,000-க்குப் பிறகு சாலையில் படிப்படியாக மேல் சுற்றுக்கு ஏற்றிப் பழகிய பிறகு போங்கள். இந்தக் காரில் ஆயில் பார்க்கும் குச்சி கிடையாது. எஞ்சின் சூடாக இருக்கும்போது, சமதரையில், திரையிலேயே ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். டிராக்குக்குக் கிளம்பும் அன்று காலையிலும், திரும்பிய பிறகும் பார்த்துக் குறித்து வையுங்கள். புது எஞ்சின் முதல் சில ஆயிரம் கி.மீ.யில் கொஞ்சம் ஆயில் எடுப்பது சகஜம். 5,000-ஐத் தாண்டியும் அடிக்கடி டாப்-அப் கேட்டால், தேதியும் கிலோமீட்டரும் ஊற்றிய அளவும் எழுதிய தாளோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், ஆயில் செலவை அளந்து பார்க்கும் சோதனையை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.